கேஷ்பேக் ஓட்டைகளைக் கற்றுத்தரும் தமிழ் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூடியூபிலும் டெலிகிராமிலும் கிரெடிட் கார்டு பற்றித் தமிழில் பேசும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஈரோட்டுப் பக்கம் சம்பளக்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறவன். உங்களில் சிலருடைய வீடியோக்களை விரும்பிப் பார்ப்பேன். மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும், எந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, பெட்ரோல் சர்சார்ஜ் எப்படித் திரும்ப வருகிறது என்பதையெல்லாம் சாதாரண ஆளுக்குப் புரிகிற தமிழில் சொன்னவர்கள் நீங்கள்தான். கார்டைக் கையில் திணித்த வங்கிகள் அதைச் செய்யவில்லை. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் கொஞ்ச காலமாக உங்கள் பேச்சு வேறு பக்கம் போகிறது. நண்பனுக்கு வாடகை என்று அனுப்பி அதைத் திரும்ப வாங்குவது, தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்குவது, அம்மா பெயரில் வணிகர் கியூஆர் எடுத்து அதையே ஸ்கேன் செய்வது, முன்பின் தெரியாத வியாபாரிக்காக நம் கார்டில் செல்போன் ஆர்டர் போட்டுக் கொடுப்பது. இவற்றை 'இலவசப் பணம்' என்று தலைப்புப் போட்டு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் அப்புறம் ஜூன், ஜூலையில் என் மேசைக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் காகிதங்களில் இருப்பது உங்கள் வீடியோக்களில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எப்படியும் செய்யப்போகிற செலவைக் கார்டில் செய்வதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு மளிகை, ஊருக்குப் போகும் டிக்கெட், பிள்ளைகளின் பீஸ் என்று கட்டிவிட்டு, பில் வந்ததும் முழுசாக அடைத்து, வருகிற கேஷ்பேக்கை வாங்கிக்கொண்டால் அது நியாயமான தள்ளுபடி. இரண்டு கார்டு வைத்துக்கொண்டு எதற்கு எது லாபம் என்று பார்ப்பது சாமர்த்தியம். நான் சொல்வது, செலவே நடக்காத செலவைப் பற்றி. கார்டிலிருந்து கிளம்பும் பணம் ஒரு சுற்றுச் சுற்றி அதே ஆளின் சேமிப்புக் கணக்குக்கு வந்து, அந்தப் பணமே கார்டு பில்லை அடைக்கிறது. உங்கள் குழுக்களில் இதை ரொட்டேஷன் என்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதே கிணற்றில் ஊற்றிவிட்டுக் கூலி கேட்கிற வேலை இது. கூலி கொடுக்கிறவர் எட்டிப் பார்க்காத வரைக்கும்தான் நடக்கும்.

அவர் ஏன் எட்டிப் பார்ப்பார் என்பதைக் கேஷ்பேக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கடையில் ஆயிரம் ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்குச் சுமார் 20 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதி போகும். அந்த 20இல் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அதிலிருந்து 10 ரூபாயை நமக்குத் திருப்பித் தருவது வங்கிக்குக் கட்டுப்படியாகும். 5 சதவீதம் தருகிற கார்டுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆள் சேர்க்க ஒதுக்கிய பணத்திலிருந்தும், ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், முழுசாகக் கட்டாதவர்கள் தரும் வட்டியிலிருந்தும்தான் அதைக் கொடுக்க முடியும். நிறையப் பேர் நிஜச் செலவே இல்லாமல் உச்சவரம்பு வரை உறிஞ்சினால் திட்டம் சுருங்கிவிடும். எஸ்பிஐ கார்டின் கேஷ்பேக் கார்டு 2022 செப்டம்பரில் வந்தபோது மாதம் ₹10,000 வரை கேஷ்பேக் கொடுத்தது. எட்டே மாதத்தில், 2023 மே 1 முதல், அது ₹5,000 ஆனது. ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 பரிசுப் பாயிண்ட் என்று இருந்தது. மாதச் சம்பளமே அறுபதாயிரம் வாங்குகிறவர்கள்கூட அந்த ஒரு லட்சத்தை எப்படித் தொடுவது என்று உங்கள் குழுக்களில் கேட்டார்கள். வழியும் சொல்லப்பட்டது. 2023 செப்டம்பர் முதல் அந்தச் சலுகை நின்றுபோனது.

வாடகை விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் சிக்கியது அதில்தான். கார்டில் வாடகை கட்டும் வசதி ஆப்களில் வந்ததும், வீட்டுக்காரர் என்ற இடத்தில் தம்பி, மச்சான், அறை நண்பன் என்று பெயர்கள் ஏறின. சொந்த வீட்டில் இருப்பவர்கள்கூட மாதாமாதம் வாடகை 'கட்டினார்கள்'. ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் வாடகைக்கு 1 சதவீதம் கட்டணம் போட்டது. எஸ்பிஐ கார்டு அடுத்த மாதம் ₹99 என்று ஆரம்பித்து, 2023 மார்ச்சில் ₹199 ஆக்கியது. எச்டிஎஃப்சி 2024 ஆகஸ்டில், ஆப் வழி வாடகைக்கு 1 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு ₹3,000 வரை என்றது. நடுவில் பல கார்டுகளில் வாடகைக்குப் பாயிண்டே இல்லாமல் போனது. கடைசியில் 2025 செப்டம்பர் 15 அன்று ரிசர்வ் வங்கி, பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கியது. நேரடியாக ஒப்பந்தம் போட்டு, விவரம் சரிபார்த்த வணிகருக்காக மட்டுமே அவர்கள் பணம் வசூலிக்கலாம். வீட்டுக்காரர் அந்த வகையில் வரமாட்டார். போன்பே, பேடிஎம், கிரெட் எல்லாம் கார்டில் வாடகை கட்டும் வசதியை நிறுத்தின.

நிஜமாகவே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சம்பளம் பத்து நாள் தள்ளிப்போன மாதத்தில் மட்டும் கார்டில் வாடகை கட்டிச் சமாளித்த குடும்பங்களை இந்த நேரத்தில் நினைத்துப் பாருங்கள். அந்தக் கதவும் அவர்களுக்கு மூடிவிட்டது. கார்டிலிருந்து ஆப்களின் வாலட்டில் (மின் பணப்பையில்) பணம் போடுவதும் அதே கதிதான். எச்டிஎஃப்சி 2025 ஜூலை முதல் மாதம் ₹10,000க்கு மேல் வாலட்டில் போட்டால் 1 சதவீதம் கேட்கிறது. எஸ்பிஐ கார்டு அதே ஆண்டு நவம்பரிலிருந்து ₹1,000க்கு மேற்பட்ட வாலட் ஏற்றத்துக்கு 1 சதவீதமும், வேறு ஆப் வழியாகக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு 1 சதவீதமும் வாங்குகிறது. வாடகை வழி அடைபட்டதும் 'எஜுகேஷன் ஃபீ' என்று போட்டு அனுப்பச் சொன்ன வீடியோக்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இன்று உண்மையாகவே பிள்ளைக்கு ஆப் வழியாகப் பீஸ் கட்டுகிறவரும் அந்தக் கட்டணத்தைத் தருகிறார்.

'வங்கிக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்வது தவறு. ஒவ்வொரு வணிகருக்கும் எம்சிசி என்று நான்கு இலக்க எண் உண்டு. வாடகைக்கு 6513, வாலட் ஏற்றத்துக்கு 6540 என்று வங்கியின் திரையில் தெரியும். வேறு எம்சிசிக்குள் ஒளித்து அனுப்பினாலும் மற்ற அடையாளங்களை மறைக்க முடியாது. மாதத்துக்கு மூன்று முறை லிமிட் முழுசாகக் காலியாகி மூன்று முறை நிரம்புவது, பில் தேதிக்கு முந்தைய நாள் எப்போதும் ஒரே கடையில் முழு எண்ணில் ஒரு தொகை விழுவது, கார்டுச் செலவுக்கு அடுத்த நாளே அதே வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்கில் கிட்டத்தட்ட அதே தொகை வரவாவது. இதைக் கண்டுபிடிக்க ஆள்கூட வேண்டாம், மென்பொருளே போதும். சில மாதம் சும்மா விட்டிருப்பார்கள். பிடிக்கும்போது பழையது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

பிடித்தால் என்ன ஆகும்? கார்டு வாங்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிய விதிமுறையிலேயே அது இருக்கிறது. கார்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும். முறைகேடு என்று வங்கி கருதினால் பாயிண்டை ரத்து செய்யலாம், கொடுத்த கேஷ்பேக்கைத் திரும்பப் பில்லில் ஏற்றலாம், கார்டை மூடலாம். பாயிண்ட் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. ரொட்டேஷனில் இருப்பவருக்கு நிஜமான அடி லிமிட் வெட்டப்படுவதுதான். முதல் கார்டின் பில்லை அடைக்க இரண்டாவது கார்டிலிருந்து வரவேண்டிய பணம் அந்த மாதம் வராது. இரண்டு லட்சத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் கையிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். கையில் அது இருந்திருந்தால் அவர் இந்தச் சுற்றுக்கே வந்திருக்க மாட்டார்.

வட்டிக் கணக்கை நீங்கள் ஒரு வீடியோவிலாவது முழுசாகப் போட்டுக் காட்டியதுண்டா? மாதம் 3.75 சதவீதம் என்பது பல கார்டுகளில் இருக்கும் விகிதம். ஒரு லட்சம் ஒரு மாதம் நின்றால் ₹3,750. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ₹675. ஆக ₹4,425. தாமதக் கட்டணம் ஆயிரத்துக்கு மேல் தனி. வட்டி, டியூ டேட்டிலிருந்து ஓடாது; கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே ஓடும். பில்லை முழுசாக அடைக்காத மாதத்தில் புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் லாபத்தைப் பாருங்கள்: ஆப் கட்டணம், வங்கியின் 1 சதவீதம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி எல்லாம் போக ஒரு லட்சத்துக்குச் சில நூறு ரூபாய் நின்றால் அதிகம். ஆறு மாதம், எட்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்தது, நண்பன் பணத்தைத் திருப்பி அனுப்பத் தாமதித்த ஒரே மாதத்தில் போய்விடும். நண்பன் என்றாலும் அவனுக்கும் அவசரம் வரும். கணக்கில் நின்ற ஒரு லட்சத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன் என்று சொன்னால் என்ன செய்வது?

வட்டியில் 2024 டிசம்பருக்குப் பிறகு இன்னொரு மாற்றம். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்ததை, டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய உத்தரவைக் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி என் தொழில் பக்கம். ஒருவர் ஒரு நிதியாண்டில் தன் கார்டு பில்களுக்கு ரொக்கமாக ஒரு லட்சமோ அதற்கு மேலோ, மற்ற வழிகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், அந்தத் தகவல் வங்கியிலிருந்து வருமான வரித்துறைக்குத் தானாகப் போகும். அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையில், அதாவது ஏஐஎஸ்ஸில், அது பளிச்சென்று தெரியும். மாதம் ஒரு லட்சம் சுற்றினாலே ஆண்டுக்கு 12 லட்சம். ஏழு லட்சம் சம்பளம் காட்டுகிற ஒருவரின் ஏஐஎஸ்ஸில் இருபத்தெட்டு லட்சம் கார்டு பில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பி, இது என்ன என்று கேட்டால், 'சும்மா ரொட்டேஷன் சார், நிஜச் செலவு இல்லை' என்பார்கள். நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் போதாது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நோட்டீஸ் வந்தால், ஒவ்வொரு சுற்றையும் தேதி வாரியாக, வங்கி அறிக்கையோடு, நண்பர்களின் கணக்கோடு பொருத்திக் காட்டவேண்டும். நடுவில் நான்கு முறை ரொக்கமாகக் கை மாறியிருந்தால் அந்த நான்குக்கும் ஆதாரம் கிடையாது. விளக்க முடியாத செலவு அவருடைய வருமானமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு வழக்கமான அடுக்கு விகிதமும் இல்லை, கழிவும் இல்லை. தனியாக உயர்ந்த விகிதத்தில் வரி.

வாடகை என்று அனுப்பினவர் இன்னொரு சிக்கலையும் இழுத்துவிடுகிறார். பணம் வாங்கிய நண்பனின் கணக்கில் அது வாடகை வருமானம் போலத்தான் தெரியும். அனுப்பியவர் அந்த ரசீதையே அலுவலகத்தில் கொடுத்து வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு வாங்கியிருந்தால், அது வங்கி விதிமீறலைத் தாண்டிப் பொய்க் கணக்கு ஆகிவிடும். மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் வாடகை என்றால் அதிலிருந்து வரியைப் பிடித்தீர்களா (டிடிஎஸ்) என்ற கேள்வியும் வரும். கேஷ்பேக் வாங்கப் போட்ட ஒரு பெயர், மூன்று படிவங்களில் மூன்று விதமாகப் பதில் சொல்ல வைக்கிறது.

'அமெரிக்காவில் கோர்ட்டே சொல்லிவிட்டது, கேஷ்பேக்குக்கு வரி இல்லை' என்று ஒரு பதிவு உங்கள் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. அந்த வழக்கைப் பாதிதான் சொல்கிறீர்கள். அனிகீவ் என்ற தம்பதியின் வழக்கு அது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஒரு கார்டு, ஆண்டுச் செலவு 6,500 டாலரைத் தாண்டியதும் சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடைச் செலவுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் கொடுத்தது. உச்சவரம்பு இல்லை. தம்பதி அந்தக் கடைகளில் விசா பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றால் மணி ஆர்டர் (அங்கே அது காசோலை போன்ற பணச் சீட்டு) வாங்கி, அதை வங்கியில் போட்டு, அந்தப் பணத்தால் கார்டு பில்லை அடைத்தார்கள். 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல், 2014இல் 52 லட்சம் டாலருக்கு மேல் கார்டில் ஓடியது. இரண்டு ஆண்டுகளில் கிடைத்த கேஷ்பேக் சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம் டாலர். வரித்துறை இதை வருமானம் என்றது. 2021இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசு அட்டை ஒரு பொருள், அதை வாங்கியதற்குக் கிடைத்தது விலைத் தள்ளுபடி, அதற்கு வரி இல்லை. ஆனால் கார்டில் நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதற்கும், டெபிட் அட்டைகளில் பணம் ஏற்றியதற்கும் கிடைத்த கேஷ்பேக், பொருள் எதுவும் வாங்காமல் வந்த வருமானம்; அதற்கு வரி உண்டு. உங்கள் வீடியோக்களில் வரும் வாலட் ஏற்றமும் நண்பனுக்கு அனுப்பும் பணமும் இதில் எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள். அதுவும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ், அந்தத் தம்பதியின் விவரங்களுக்காகச் சொன்ன தீர்ப்பு. கரூரில் இருக்கிற ஒருவர் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது அது உதவாது. 2013இல் செய்ததற்கு 2021 வரை வழக்காடினார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கடையில் தேய்த்து ரொக்கம் வாங்குவதை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைக்கும் வசதி 2022இல் வந்தபிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. தனிநபருக்கு அனுப்ப முடியாது, வணிகர் கியூஆருக்கு மட்டும்தான் போகும் என்பதால், பெட்டிக்கடை நடத்துவதாகச் சொல்லி அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ ஒரு வணிகர் கியூஆர் வாங்கிவிடுகிறார்கள். இதில் மாட்டுவது யார்? நல்ல மனதோடு கார்டு தேய்க்கும் மிஷினையோ கியூஆரையோ கொடுத்தவர். அவர் கணக்கில் விழுந்தது எல்லாம் வியாபார விற்பனை என்றுதான் பதிவாகும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது எல்லாருக்கும் தெரியும். பொருள் விற்பனை 40 லட்சம், சேவை 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டியதாகச் சொன்னது. நிஜமாகவே காய்கறி விற்றவர்களே, இதில் கைமாற்றுக் கடனும் உறவினர் பணமும் கலந்திருக்கிறது என்று விளக்கப் பாடுபட்டார்கள். விற்காத பொருளுக்கு வந்த பணத்தை உங்கள் அம்மா எப்படி விளக்குவார்? மிஷின் கொடுத்த வங்கி, போலி விற்பனை என்று முடிவுசெய்தால் அந்தக் கடைக்காரரின் மிஷினும் போகும். அதற்குப் பிறகு கார்டில் பணம் கட்டும் வாடிக்கையாளரே அவருக்கு இல்லை.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது, தெரியாதவருக்காக ஆர்டர் போட்டுக் கொடுப்பதுதான். பண்டிகை ஆஃபரில் ஒரு கார்டுக்கு ஒரு செல்போன் என்று இருக்கும். மொத்த வியாபாரி ஒருவர் டெலிகிராமில், 'உங்கள் கார்டில் போட்டு என் முகவரிக்கு அனுப்புங்கள், முழுத்தொகையும் ஐந்நூறு ரூபாய் கமிஷனும் உடனே யுபிஐயில் தருகிறேன்' என்பார். கேஷ்பேக்கும் நமக்கே. பரிசு வவுச்சர்களைத் தள்ளுபடியில் விற்பதும் இதே மாதிரிதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யுபிஐயில் வந்த அந்த இருபதாயிரம் யாருடைய பணம்?

அது ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருக்கலாம். பணத்தை இழந்தவர் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தவுடன், பணம் முதலில் போன கணக்கு, அடுத்து போன கணக்கு, அதற்கடுத்தது என்று வரிசையாக முடக்கிக்கொண்டு வருவார்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நம் பிள்ளையின் சம்பளக் கணக்கு நிற்கும். அவன் செல்போன் விற்றவன்கூட இல்லை, ஆர்டர் போட்டவன். செல்போன் யாரிடம் போனது என்று தெரியாது, டெலிகிராம் பெயர் அழிந்திருக்கும், கார்டு பில் மட்டும் அவன் பெயரில் இருக்கும். புகார் வேறு மாநிலக் காவல் நிலையத்தில் இருக்கும். அவர்கள் மொழியில் பேச, அங்கே போய் வர, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட அவனால் முடியுமா? சம்பளம் அந்தக் கணக்கில் வந்து விழும், எடுக்க முடியாது. வீட்டு வாடகை, வண்டி இஎம்ஐ, அந்தக் கார்டு பில் எல்லாம் நிற்கும். ஐந்நூறு ரூபாய்க்காக என்று அவன் வீட்டில் சொல்லவும் கூச்சப்படுவான். பல பிள்ளைகள் முதல் மாதம் பெற்றோரிடம் மறைத்து, அடுத்த மாதம் லோன் ஆப்பில் கடன் வாங்கி, அப்புறம்தான் வாய் திறக்கிறார்கள். ஓடிபியைச் சொல்லு, நானே ஆர்டர் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்கும் 'வியாபாரி'க்குக் கார்டையே கொடுத்துவிட்டவர்களும் உண்டு.

நம் கடன் வரலாற்றுக்கு மதிப்பெண் போடும் சிபிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியிலிருந்து கடன் தகவல்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அங்கே போகின்றன. சுற்றிக்கொண்டிருக்கிற லிமிட் எப்போதும் நிரம்பியே தெரியும். பில் 90 நாள் கட்டாமல் போனால் அது வாராக்கடன். வங்கி வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் சந்தாதாரர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்! கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததை, சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சரி என்றது. தேர்வில் வென்ற பிறகும் இது நடக்கும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

வங்கிகளை நான் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கல்லூரி வாசலில் மேசை போட்டுக் கார்டு விற்கிறார்கள், லிமிட்டைக் கேட்காமலே உயர்த்த ஆசை காட்டுகிறார்கள், விதியை மாற்றிவிட்டுச் சின்ன எழுத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அவர்கள் பணத்தைத்தானே எடுக்கிறோம் என்று நீங்கள் வாதாடும்போது கேட்கிறவருக்கு நியாயமாகவே படும். ஆனால் வங்கி தன் இழப்பைக் கட்டணமாக மாற்றி எல்லார் தலையிலும் போட்டுவிடும். ஓட்டையைப் பயன்படுத்திய பிள்ளைக்கு அப்படி மாற்றிவிட ஒரு தலையும் கிடையாது. அவன் பான் எண், அவன் சிபில், அவன் சம்பளக் கணக்கு.

உங்களுக்கு என்ன போகிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசலாம். நீங்கள் கொடுக்கும் இணைப்பு வழியாக ஒருவர் கார்டு வாங்கினால் உங்களுக்கு ரெஃபரல் பணம் வரும். அது தவறில்லை, உழைக்கிறீர்கள். ஆனால் ஒரு ஓட்டையைச் சொல்லித் தந்து, அதற்கு இந்தக் கார்டு வேண்டும் என்று இணைப்பையும் கொடுக்கும்போது, அவர் மாட்டிக்கொண்டாலும் உங்களுக்கு வந்த பணம் வந்ததுதான். அவருக்குக் கார்டு மூடினால் நீங்கள் அடுத்த கார்டுக்கு இணைப்புத் தருகிறீர்கள். இந்த ஏற்பாட்டில் ஆபத்து முழுக்க ஒரு பக்கமாக இருக்கிறது என்பதை உங்களில் மனசாட்சியுள்ளவர்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அதனால் கேட்கிறேன். தெரியாதவருக்கு ஆர்டர் போட்டுக் கொடுப்பது, கடையில் தேய்த்து ரொக்கம் வாங்குவது, வீட்டார் பெயரில் கியூஆர் எடுத்துச் சுற்றுவது, இந்த மூன்றையும் பற்றிய பழைய வீடியோக்களை எடுத்துவிடுங்கள். பார்வை எண்ணிக்கை குறையும், தெரியும். குழுவில் ஆர்டர் கேட்டு வரும் வியாபாரிகளை உடனே நீக்குங்கள். அவர் உண்மையான வியாபாரியா என்று சோதிக்கும் வழி உங்களிடம் இல்லை. மற்ற எந்த வழியைச் சொன்னாலும், ஒரு மாதம் பணம் தாமதமானால் எவ்வளவு வட்டி, ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டினால் ஏஐஎஸ்ஸில் என்ன வரும் என்ற இரண்டையும் அதே வீடியோவில், அதே நீளத்துக்குச் சொல்லுங்கள். ரெஃபரல் பணம் வருகிற இணைப்பு என்றால் அதைப் பேசியே சொல்லுங்கள், விளக்கக் குறிப்பில் கடைசி வரியில் போடாதீர்கள்.

ஏற்கனவே சிக்கியிருப்பவர்கள் உங்கள் குழுவில்தான் இருக்கிறார்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு வீடியோ போடுங்கள். சுற்றை இந்த மாதமே நிறுத்தச் சொல்லுங்கள். நிலுவையை வங்கியிடம் பேசி இஎம்ஐயாக மாற்றினால் மாதம் 3.75 சதவீதத்தைவிடக் குறைந்த வட்டியில் முடியும் என்று சொல்லுங்கள். கணக்கு முடங்கினால் முதலில் வங்கிக் கிளையில் எழுதிக் கேட்டு, எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்பதை வாங்கவேண்டும். டெலிகிராம் உரையாடல், ஆர்டர் ரசீது, டெலிவரி முகவரி எதையும் அழிக்கக்கூடாது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். நோட்டீஸ் வந்தவர்கள் பதில் தேதி முடிவதற்குள் ஒரு கணக்கரையோ வழக்கறிஞரையோ பார்க்கவேண்டும், பயத்தில் போனை அணைத்து வைக்கக்கூடாது. இந்த வீடியோவுக்குத் தேவையான காகித விவரங்களை உங்களில் யார் கேட்டாலும் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

அன்புடன்,
ஈரோட்டுப் பக்கத்து வரிக் கணக்கர் ஒருவர்